தூய்மை வண்டி ஏற்காத பொருள்கள்: பஞ்சாயத்துக்கள் செய்ய வேண்டுவன

முன்னாளில் நமது கிராமங்களுக்கு மாதம் ஒருமுறையோ இருமுறையோ ஒரு வியாபாரி வருவது வழக்கம். தலையில் கூடையும் கையில் தராசுமாகத் தெருமுனையில் நின்று, பழைய இரும்புக்கும் ஈயம் பித்தளைக்கும் பேரீச்சம்பழம் தருவதாகக் கூவுவார். தேய்ந்த கலப்பைக் கொழு, உடைந்த லாடம், ஓட்டைச் செம்பு ஆகியவை அவருடைய தராசில் ஏறும். குழந்தைகளின் கையில் பழம் வந்து சேரும். அவர் எடுக்காததை மண் எடுத்துக்கொண்டது. கிழிந்த பாயும் தேய்ந்த துடைப்பமும் எருக்குழியில் மக்கின. மண்ணிலிருந்து வந்த சட்டி மண்ணுக்கே திரும்பியது. எவருக்கும் வேண்டாத பொருள் என்று ஒன்று வீட்டில் சேர்வதற்கு அந்நாளில் அதிகம் இடமில்லாதிருந்தது.

இன்று நிலைமை வேறு. பஞ்சாயத்துக்களில் தூய்மைக் காவலர்கள் வீடுதோறும் வண்டியுடன் சென்று, மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் தனித்தனியே பெற்று வருகின்றனர். மக்குவது உரக்குழிக்குப் போகிறது. மக்காதவற்றில் விலை போகும் அட்டை, தகரம், கெட்டியான பிளாஸ்டிக் முதலியவை பழைய சாமான் கடைக்குப் போகின்றன. குறைகள் இருப்பினும், இவ்விரு ஏற்பாடுகளும் பெரும்பாலான ஊர்களில் ஒருவாறு நடைபெற்று வருகின்றன எனலாம். நாம் இங்கே எழுத முற்படுவது இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது குவியலைப் பற்றி. தூய்மை வண்டியும் ஏற்காது, பழைய சாமான் கடைக்காரரும் ஏற்கமாட்டார் என்ற நிலையில், பரணிலும் கொல்லைப்புறத்திலும் ஏரிக்கரையிலும் கிடக்கும் பொருள்களே அவை. குழல்விளக்கு, படக்குழாய்த் தொலைக்காட்சிப் பெட்டி, செல்போன் பாட்டரி, பூச்சிமருந்து டப்பா, காலாவதியான மாத்திரை, ஊசி, மசாலாத் தூள் உறை, கிழிந்த மெத்தை என்று அப்பட்டியல் நீள்கிறது.

ஒரு முறை சுற்றுப்பயணத்தின்போது, தூய்மைக் காவலராகப் பணிபுரியும் ஓர் அம்மையாரிடம், ஒரு வீட்டின் திண்ணையோரம் வைக்கப்பட்டிருந்த பழைய தொலைக்காட்சிப் பெட்டியை ஏன் எடுக்கவில்லை என்று வினவினோம். "எடுக்கச் சொன்னால் எடுக்கிறேன், ஐயா. எடுத்துக்கொண்டு போய் எங்கே வைக்கட்டும்? அதைச் சொல்லுங்கள்" என்றார். நம்மிடம் அன்று விடை இல்லை. அவருடைய கேள்விக்கு விடை தேடியதில் நாம் கற்றதும், கற்கும் வழியில் செய்த பிழைகளும் பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்குப் பயன்படக்கூடும் என்று கருதி இதனை எழுதுகிறோம்.

ஏன் ஏற்க மறுக்கின்றனர்?

ஒரு பொருளை எவரும் எடுக்க மறுப்பதால் அது பயனற்றது என்று முடிவு செய்துவிடலாகாது. ஒரு வீட்டில் வருஷத்துக்கு இரண்டு குழல்விளக்குகள் பழுதாகின்றன. அவ்விரண்டையும் வாங்கிக்கொள்ள எந்த ஆலையும் இருபது மைல் வண்டி அனுப்பாது. ஒரு பஞ்சாயத்தில் ஐந்நூறு வீடுகள், ஒரு யூனியனில் முப்பது பஞ்சாயத்துக்கள் என்று கணக்கிட்டால் அதுவே பல லாரிப் பாரமாகும். பாரமாகச் சேர்ந்தால் எடுத்துச் செல்ல முறையான அங்கீகாரம் பெற்ற ஆலைகள் உண்டு. ஆகவே மறுப்பதற்குப் பெருங்காரணம் அளவின் சிறுமையே. இரண்டாவது காரணம், இப்பொருள்களைக் கையாளுவதில் ஆபத்து உண்டு என்பது. உடையாமலும் நனையாமலும் சேர்த்து வைத்தால் இவ்விரு காரணங்களும் பெரும்பாலும் நீங்கிவிடும். சேர்த்து வைப்பதை வீடு செய்ய இயலாது. வண்டியும் செய்ய இயலாது. பஞ்சாயத்துதான் செய்ய இயலும்.

2016ஆம் ஆண்டு மத்திய அரசு வகுத்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், பூச்சிமருந்து டப்பா, குழல்விளக்கு, பாட்டரி, காலாவதியான மருந்து, பயன்படுத்திய ஊசி ஆகியவற்றை 'வீட்டு அபாயக் கழிவு' என்று தனி வகையாகப் பிரித்துக் காட்டின. விதி வந்ததே தவிர, அவ்வகைக்கு ஊர்களில் ஒரு தனிக் கூடை பல ஆண்டுகளாக வரவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

தொலைக்காட்சிப் பெட்டியும் ஈயமும்

நமது மாநிலத்தில் 2006ஆம் ஆண்டு முதல் 2011 வரை ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகள் விலையின்றி வழங்கப்பட்டன. 2011ஆம் ஆண்டு முதல் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி ஆகியவை வழங்கப்பட்டன. அவற்றால் விளைந்த நன்மைகளை எல்லோரும் அறிவர். ஆயினும் எந்த இயந்திரத்துக்கும் ஓர் ஆயுட்காலம் உண்டல்லவா? மிக்ஸியையும் மின்விசிறியையும் அவற்றிலுள்ள செம்புக் கம்பிக்காகப் பழைய சாமான் கடைக்காரர் மகிழ்ச்சியுடன் வாங்குவார். தொலைக்காட்சிப் பெட்டியின் கதை அவ்வாறன்று. அதில் விலை போவது படக்குழாயின் கழுத்தைச் சுற்றியுள்ள செம்புச் சுருளும் ஒருசில பலகைகளுமே. அவற்றைப் பிடுங்கிக்கொண்டு, குழாயைக் கல்லால் உடைத்து ஓடையில் எறிந்துவிட்டுப் போவது எங்கும் நடக்கிறது.

படக்குழாயின் பின்பக்கக் கூம்புக் கண்ணாடி, கதிர்களைத் தடுப்பதற்காக ஈயம் கலந்து செய்யப்பட்டது. உள்ளே காற்று நீக்கப்பட்டிருப்பதால், உடைக்கும்போது கண்ணாடிச் சில்லுகள் வேகத்துடன் தெறிக்கும். உட்பூச்சின் நுண்தூள் மூச்சில் கலக்கும். ஓடையில் கிடக்கும் கண்ணாடியிலிருந்து ஈயம் சிறிது சிறிதாகக் கசிந்து மண்ணிலும் நீரிலும் சேரும்.

இங்கே ஒரு சொல் மயக்கத்தைத் தெளிவுபடுத்துவது அவசியம். ஈயத்தின் தீமையை நாம் ஒரு கூட்டத்தில் எடுத்துக் கூறியபோது, பெரியவர் ஒருவர் எழுந்து, "எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக ஈயச் செம்பில்தான் ரசம் வைக்கிறோம். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்றார். கேள்வி நியாயமானது. தமிழில் ஈயம் என்ற ஒரே பெயரால் இரண்டு உலோகங்களை அழைக்கிறோம். ரசச் செம்பும் பாத்திரத்தின் உட்பூச்சும் வெள்ளீயத்தால் ஆனவையாக இருத்தல் வேண்டும். படக்குழாயிலும் மோட்டார் வண்டி பாட்டரியிலும் இருப்பது காரீயம். அது வேறு உலோகம், நஞ்சு. குழந்தைகளின் உடலில் காரீயம் எவ்வளவு சிறிய அளவில் சேர்ந்தாலும் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் என்பதும், தீங்கற்ற அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்பதும் உலகச் சுகாதார நிறுவனத்தின் கருத்து. பள்ளிக்குச் செல்லும் பிள்ளை பாடத்தில் பின்தங்குவதற்குக் கொல்லையில் உருக்கிய பாட்டரி காரணமாக இருக்கலாம் என்று எந்தத் தாய்க்குத் தோன்றும்?

மோட்டார் சைக்கிள், டிராக்டர், இன்வெர்ட்டர் ஆகியவற்றின் பெரிய பாட்டரிகளைப் பொறுத்தவரை வழி எளிது. பழைய பாட்டரியைத் திரும்பப் பெறுவது விற்பனையாளரின் கடமை என்று 2001ஆம் ஆண்டிலேயே விதி செய்யப்பட்டது. புதியது வாங்கும்போது பழையதற்கு விலை கழித்துக் கொடுக்கின்றனர். அதனைத் தெருவில் வரும் வியாபாரியிடம் சில ரூபாய் கூடுதலாகக் கிடைக்கிறது என்பதற்காக விற்பது தவறு. அவர் அமிலத்தை வாய்க்காலில் கொட்டிவிட்டுக் காரீயத்தை எங்கோ ஒரு கொட்டகையில் உருக்குவார். விவசாயத் தெளிப்பான்களில் இப்போது வரும் பாட்டரிகளையும் இம்முறையிலேயே கடைக்குத் திருப்பிக் கொடுத்தல் நலம்.

சிறு பாட்டரிகளைப் பற்றித்தான் கவலை. செல்போன் பாட்டரி உப்பியிருந்தால் அதனைக் குத்தவோ, நசுக்கவோ, வெயிலில் வைக்கவோ கூடாது, தீப்பற்றும். கைக்கடிகாரத்திலும் பொம்மையிலும் உள்ள பொத்தான் போன்ற பாட்டரியைக் குழந்தை விழுங்கிவிட்டால், இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் வெந்து புண்ணாகிவிடக்கூடும். அந்நேரத்தில் வாந்தி எடுக்கச் செய்து காலம் கடத்தாமல் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். இவ்விரு வகைகளையும், இரு முனைகளிலும் ஒட்டுநாடா சுற்றி, உலர்ந்த மணல் இட்ட வாளியில் சேர்ப்பது நாம் கைக்கொண்டிருக்கும் முறை. வாளி ஒன்றை ரேஷன் கடையிலும் ஒன்றைப் பள்ளியிலும் வைத்தோம். பள்ளி வாளிதான் விரைவில் நிறைகிறது.

மின்கம்பியைத் தீயிலிட்டுச் செம்பு எடுப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேலுறை எரியும்போது எழும் கரும்புகை கொடிய நஞ்சு. அன்றியும் எரித்த செம்பு கருத்துவிடுவதால் விலையும் குறையும். கத்தியால் உறையைச் சீவி எடுத்த செம்புக்கு அதிக விலை கிடைக்கும் என்பதை எடுத்துச் சொன்ன பிறகே சில இளைஞர்கள் எரிப்பதை நிறுத்தினர். நஞ்சு என்று சொன்னபோது அவர்கள் நிறுத்தவில்லை!

குழல்விளக்கு

குழல்விளக்கிலும் அதன்பின் வந்த சுருள் விளக்கிலும் சில மில்லிகிராம் பாதரசம் உண்டு. இப்போது பரவியுள்ள எல்.இ.டி. விளக்கில் பாதரசம் இல்லை. ஆகவே இது காலப்போக்கில் தானே குறையும் தொல்லை என்றாலும், மாற்றப்பட்ட பழைய விளக்குகள் இன்னும் பரணில் அடுக்கிக் கிடக்கின்றன. ஒரு விளக்கில் உள்ளது அற்பமே. நூறு விளக்குகளை ஒரே குழியில் உடைத்தால் அது அற்பமன்று.

பாதரசம் படிந்த கண்ணாடி பழைய சாமான் கடைக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு நமது மாநிலத்திலேயே சான்று உண்டு. கொடைக்கானலில் இயங்கி வந்த வெப்பமானித் தொழிற்சாலை ஒன்றிலிருந்து பாதரசம் கலந்த கண்ணாடித் துண்டுகள் அந்நகரத்துப் பழைய சாமான் கிடங்கு ஒன்றில் குவிந்து கிடந்தது 2001ஆம் ஆண்டு வெளிப்பட்டது. அவ்வாண்டே தொழிற்சாலை மூடப்பட்டது. தொழிலாளர்களுடன் உடன்பாடு ஏற்பட்டது 2016ஆம் ஆண்டில். ஆலை மண்ணைச் சுத்தம் செய்யும் பேச்சு அதன் பின்னரும் தொடர்ந்தது. கண்ணாடியை எடைக்குப் போட்டவருக்கும் வாங்கியவருக்கும் அது வெறும் கண்ணாடியாகவே தோன்றியிருக்கும்.

வீட்டில் விளக்கு உடைந்துவிட்டால் துடைப்பம் கொண்டு பெருக்கலாகாது. பெருக்கினால் பாதரசத் துளி மேலும் சிதறி ஆவியாகும். கதவு ஜன்னலைத் திறந்து, பிள்ளைகளை வெளியேற்றி, கால் மணி நேரம் கழித்து, கெட்டியான அட்டையால் சில்லுகளை அள்ளி, ஈரத் துணியால் துடைத்து, எல்லாவற்றையும் மூடியுள்ள டப்பாவில் அடைத்தல் வேண்டும்.

இதை நாம் இவ்வளவு விவரமாக எழுதுவதற்குக் காரணம், இதை அறியாமல் நாமே செய்த பிழைதான். சில ஆண்டுகளுக்கு முன், எல்லாப் பஞ்சாயத்துக்களும் பழைய குழல்விளக்குகளையும் தொலைக்காட்சிப் பெட்டிகளையும் யூனியன் கிடங்குக்கு அனுப்புமாறு சுற்றறிக்கை விடுத்தோம். சுற்றறிக்கை விடுப்பது எளிது. வந்த பொருள்களை வைப்பதற்கு இடம் பார்க்கவில்லை. விளக்குகளைத் தாழ்வாரத்தில் சுவரோரமாகச் சாய்த்து வைத்தோம். ஐப்பசி மழையில் ஒரு நாள் இரவு அத்தனையும் சரிந்து நொறுங்கின. மறுநாள் காலையில் காவலாளி, நாம் வருவதற்கு முன் இடம் சுத்தமாக இருக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்துடன், துடைப்பத்தால் பெருக்கித் தள்ளினார். அவருக்கு உடனடித் தீங்கு எதுவும் நேரவில்லை. ஆயினும் அவர் சுவாசித்தது என்ன என்பதை அவரிடம் சொல்ல நேர்ந்தபோது நமக்கு நா எழவில்லை.

தொலைக்காட்சிப் பெட்டிகளின் முடிவு இன்னும் மோசம். எடுத்துச் செல்ல முன்வந்த ஒரு வியாபாரியிடம், அவருடைய அங்கீகாரச் சீட்டைக் கேட்காமலேயே ஒப்படைத்தோம். பணமும் கொடுத்தார், ரசீதும் எழுதிக் கொண்டோம். இரண்டு மாதம் கழித்துப் பக்கத்து யூனியனைச் சேர்ந்த விவசாயி ஒருவர் நேரில் வந்தார். தம் வயலுக்குப் பாயும் ஓடையில், செம்பு பிடுங்கப்பட்ட 40க்கு மேற்பட்ட பெட்டிகள் உடைந்து கிடப்பதாகவும், அவற்றின் முதுகில் நமது பஞ்சாயத்துக்களின் பெயர்கள் சாயத்தால் எழுதப்பட்டிருப்பதாகவும் தெரிவித்தார். பெயரை எழுதச் சொன்னதும் நாமே, கணக்குக்காக. டிராக்டர் வாடகை கொடுத்து, கையுறை போட்டு, கண்ணாடிச் சில்லு வரை பொறுக்கித் திரும்பக் கொண்டுவர மூன்று நாள் ஆயிற்று. அந்த வியாபாரி கொடுத்த பணம் வாடகைக்குப் போதவில்லை.

மின்னணுக் கழிவைப் பிரித்து மறுசுழற்சி செய்ய அங்கீகாரம் பெற்ற ஆலைகளின் பட்டியலை மாசுக் கட்டுப்பாடு வாரியம் வெளியிடுகிறது. 2022ஆம் ஆண்டில் செய்யப்பட்டு 2023 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள், பொருளைச் செய்து விற்றவரையே அதன் முடிவுக்கும் பொறுப்பாக்கின. ஆகவே பஞ்சாயத்தார் பட்டியலைப் பார்த்து, சீட்டின் நகலைப் பெற்று, அதில் காலம் முடிந்துவிட்டதா என்று பார்த்து, அதன் பின்னரே ஒப்படைக்க வேண்டும். எடைச்சீட்டு வாங்குவது மட்டும் போதாது. பொருள் ஆலைக்குள் சென்று சேர்ந்ததற்கான சான்றையும் கேட்டு வாங்குக. அதிக விலை கொடுப்பவரைக் கண்டு சற்று ஐயுறுவதும் நல்லதே. முறையாக வேலை செய்பவருக்குப் படக்குழாயில் லாபம் அதிகம் இல்லை.

வயலிலிருந்து வருவன

விவசாயிகளுக்கு நேரே தொடர்புடையது பூச்சிமருந்து டப்பா. அதன் மேல் உள்ள சதுரத்தின் நிறத்தை எத்தனை பேர் கவனிக்கின்றனர்? சிவப்பு மிகக் கொடியது, அடுத்து மஞ்சள், அதனினும் குறைந்தது நீலம், கடைசி பச்சை. பச்சையும் நஞ்சே. காலி டப்பாவில் எண்ணெயும் நீரும் ஊற்றி வைக்கும் வழக்கம் இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. கழுவிவிட்டோம் என்பர். கழுவிய நீர் எங்கே சென்றது என்று கேட்டால், வாய்க்காலைக் காட்டுவர்.

முறையாவது: மருந்தை ஊற்றி முடித்தவுடன், டப்பாவில் கால் பங்கு நீர் விட்டு, மூடி, அரை நிமிஷம் நன்றாகக் குலுக்கி, அந்நீரைத் தெளிப்பான் தொட்டியிலேயே ஊற்றுக. இவ்வாறு மூன்று முறை. மருந்து காயும் முன் செய்தால்தான் பயன். காசு கொடுத்து வாங்கிய மருந்தின் கடைசிச் சொட்டும் பயிருக்கே போய்ச் சேரும். கிணற்றுக்கும் மீனுக்கும் கேடில்லை. பிறகு டப்பாவின் அடியில் ஆணியால் துளையிடுக. துளையிட்ட டப்பாவில் எவரும் எண்ணெய் வைக்கமாட்டார். 1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளிலேயே, காலி உறைகளை மறுபடி எவரும் பயன்படுத்த இடமின்றி உடைத்துவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. துளையிட்ட டப்பாக்களை வரப்பில் எறியாமல் தனிச் சாக்கில் கட்டி, வீட்டுக்குள் கொண்டு வராமல், பஞ்சாயத்தின் சேகரிப்பு நாளில் சேர்த்தல் வேண்டும். இவற்றைப் பழைய பிளாஸ்டிக்கோடு கலந்து விற்பது பெரும் தவறு. அடுத்த முறை அந்தப் பிளாஸ்டிக் ஒரு குடமாகத் திரும்பி வரலாம்.

கண்ணாடியும் வயல் விவகாரமே. உடைந்த புட்டியும் விளக்கும் குப்பையோடு எருக்குழிக்குப் போய், எருவோடு வயலுக்கு வந்து, சேற்றுக்குள் மறைந்து, நடவுப் பெண்களின் காலைக் கிழிக்கின்றன. மாட்டின் குளம்பும் தப்புவதில்லை. மதுப் புட்டிகளைப் பொறுத்தவரை, சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவை அடுத்து 2022ஆம் ஆண்டு நீலகிரி மாவட்டத்தில் ஓர் ஏற்பாடு தொடங்கிற்று. விற்கும்போது புட்டிக்குப் பத்து ரூபாய் கூடுதலாகப் பெற்று, காலிப் புட்டியைத் திருப்பிக் கொடுத்தால் அத்தொகையைத் தந்துவிடுவர். பின்னர் அது வேறு மாவட்டங்களுக்கும் விரிந்தது. காலிப் புட்டிக்கு ஒரு விலை இருந்தால் அது வயலில் விழாது. பேரீச்சம்பழ வியாபாரி எந்த நீதிமன்றமும் சொல்லாமலே கண்டறிந்திருந்த உண்மை இது.

அவ்வுண்மையை நாமும் சிறிது பயன்படுத்திப் பார்த்தோம். ஒரு தொலைக்காட்சிப் பெட்டியோ, பத்துக் குழல்விளக்குகளோ உடையாமல் கொண்டு வருவோருக்கு, யூனியன் நாற்றங்காலில் வளர்த்த முருங்கைக் கன்று ஒன்று தருவதாக ஒரு பஞ்சாயத்தில் தண்டோரா போட்டோம். கன்றின் விலை பெரிதன்று. ஆயினும் தாய்மார்கள் பரணைக் காலி செய்துவிட்டனர். பேச்சால் வராதது கன்றால் வந்தது.

மருந்து, ஊசி, உறை, துணி

காலாவதியான மாத்திரைகளைக் கிணற்றிலோ கழிவறையிலோ கொட்டலாகாது. ஊசிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டும். சர்க்கரை நோயாளிகள் வீட்டிலேயே ஊசி போட்டுக்கொள்ளும் காலம் இது. கால்நடைகளுக்குப் போடும் ஊசிகளும் உண்டு. குப்பைப் பையில் மறைந்திருக்கும் ஊசி தூய்மைக் காவலரின் விரலில் ஏறினால், அவர் எந்நோயாளியின் ஊசி என்று அறியாமல் பல மாதம் அஞ்சி வாழ நேரிடும். கெட்டியான பிளாஸ்டிக் புட்டியில் ஊசிகளைப் போட்டு மூடியை இறுக்கி, மேலே 'ஊசி' என்று எழுதி வைப்பது ஒரு காசும் செலவில்லாத வேலை. ஆரம்ப சுகாதார நிலையங்கள் தம் மருத்துவக் கழிவை முறையாக அழிப்பதற்கு ஒப்படைக்கும் ஏற்பாடு உண்டு. பஞ்சாயத்துத் தலைவர் மருத்துவ அலுவலரைச் சந்தித்து, ஊரின் ஊசிப் புட்டிகளையும் பழைய மருந்துகளையும் அவ்வேற்பாட்டில் சேர்க்க இசைவு பெறுதல் வேண்டும். நமது யூனியனில் ஒரு நிலையம் இசைந்தது. மற்றொன்றில் இன்னும் கடிதப் போக்குவரத்து நடந்து வருகிறது.

பால் உறை, மசாலாத் தூள் உறை, தின்பண்டப் பொட்டலம் ஆகிய மெல்லிய உறைகளைக் கடைக்காரர் எடுப்பதில்லை. மதுரை தியாகராசர் பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் இவற்றுக்கு ஒரு வழி கண்டார். உறைகளைச் சிறு துண்டுகளாக நறுக்கி, 160 முதல் 170 டிகிரி வரை சூடேற்றிய ஜல்லியின் மேல் தூவினால் அவை உருகிக் கல்லின் மேல் போர்வை போலப் படியும். அதன் மேல் தார் கலந்தால் சாலை உறுதிப்படும். 2002ஆம் ஆண்டு தொடங்கிய இம்முறையில் நமது மாநிலத்தில் பல கிராமச் சாலைகள் போடப்பட்டன. 2018ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஒற்றைத் தடச் சாலை ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு டன் உறை செல்லும். குழாயும் கம்பி உறையும் செய்யும் பி.வி.சி. பிளாஸ்டிக்கை மட்டும் இதில் சேர்க்கலாகாது. சூட்டில் நச்சுக் காற்று எழும். 2020ஆம் ஆண்டு தொடங்கிய தூய்மை பாரத இயக்கத்தின் இரண்டாம் கட்டத்தில், உறைகளைக் கழுவி நறுக்கும் கூடம் ஒன்றை வட்டாரத்துக்கு ஒன்றாக 16 லட்சம் ரூபாய் வரை செலவில் அமைக்க இடமளிக்கப்பட்டது. சாலைக்கும் ஆகாத மிச்சம், அரியலூர் போன்ற இடங்களில் உள்ள சிமெண்ட் ஆலைகளின் உலைக்குச் செல்லலாம். அவ்வுலையின் வெப்பம் 1400 டிகிரிக்கு மேற்பட்டது. தெருவோரத் தீயோடு அதனை ஒப்பிடலாகாது.

இலவம்பஞ்சு மெத்தையை மீண்டும் கொட்டித் தைத்துக்கொள்ளலாம். நுரை மெத்தைக்கு அத்தகைய மறுபிறப்பு இல்லை. பழந்துணிகளைப் பிரித்து நூலாக்கிக் கம்பளம் நெய்யும் தொழில் ஹரியானாவின் பானிப்பட்டு நகரில் பெரிய அளவில் நடக்கிறது. எனினும் நமது யூனியனிலிருந்து அவ்வளவு தூரம் அனுப்புவது கட்டுப்படியாகாது. நல்ல துணியை உடுத்துவோருக்குக் கொடுப்பதும், நைந்த பருத்தித் துணியை டிராக்டர் பட்டறைகளுக்கு எண்ணெய் துடைக்கத் தருவதுமே இப்போதைக்கு வழி. குழந்தைகளின் ஒருமுறை அணையாடைக்கும் மாதவிடாய் அணையாடைக்கும் தக்க ஏற்பாடு நம்மிடம் இன்னும் அமையவில்லை. காகிதத்தில் சுற்றித் தனியே கொடுப்பது காவலரின் கைக்குச் செய்யும் மரியாதை என்ற அளவில்தான் சொல்ல முடிகிறது.

ஏற்பாடு செய்யும் விதம்

பிரிப்புக் கொட்டகை உள்ள பஞ்சாயத்துக்கள் அதன் ஒரு மூலையைத் தடுத்து, பூட்டுள்ள கதவு போட்டு, தரைக்கு ஒரு முழம் மேலே பலகை அடிக்க வேண்டும். கூரை ஒழுகக் கூடாது, காற்றோட்டம் வேண்டும். குழல்விளக்குகளை அவை வந்த அட்டைக் கூட்டிலேயே இட்டு, பெட்டியில் நிமிர்த்தி நிறுத்திக் கயிற்றால் கட்டுக. படக்குழாய்ப் பெட்டிகளின் பின்மூடியைக் கழற்றாமல், ஒன்றின் மேல் இரண்டுக்கு மிகாமல் அடுக்குக. பாட்டரி வாளி எரியும் பொருள்களுக்கு அருகில் இருக்கலாகாது. பூச்சிமருந்து டப்பாச் சாக்கு அதே அறையில் இருந்தாலும் எதிர்மூலையில் இருக்கட்டும். அறைக்குள் நுழையும் காவலருக்குக் கையுறையும் மூடிய காலணியும் பஞ்சாயத்துச் செலவில் வாங்கிக் கொடுத்த பிறகே சாவியைக் கொடுக்க வேண்டும். சாவி ஒருவரிடம், பதிவேடு மற்றொருவரிடம் என்பது நாம் பட்டுத் தெரிந்துகொண்ட ஏற்பாடு.

வருமானம் வருமா என்று எல்லாப் பஞ்சாயத்திலும் கேட்கின்றனர். செம்பும் பாட்டரியும் சிறிது தரும். விளக்கும் படக்குழாயும் தரமாட்டா. வண்டி வாடகையையும் கணக்கிட்டால் கைப்பணம் செலவாகும். ஓடையைக் காப்பாற்ற ஆகும் செலவு என்று கிராம சபையில் வெளிப்படையாகச் சொல்லித் தீர்மானம் நிறைவேற்றிவிடுவது நல்லது. லாபம் வரும் என்று சொல்லித் தொடங்கிய ஊர்களில் இரண்டாம் தடவை எவரும் பதிவேட்டைத் திறக்கவில்லை.

சேகரிப்பு நாளை வருஷத்தில் இரு முறைக்கு மேல் வைக்க வேண்டிய தேவை இல்லை. அக்டோபர் 2ஆம் தேதி கிராம சபை கூடும்போது ஒரு முறை. அது ஐப்பசி மழைக்கு முன் வருவதால் பொருள்கள் நனையாமல் வந்து சேரும். மற்றது மார்கழிக் கடைசியில். பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணை இறக்கும் சமயம் அதுவே. போகிக்குத் தீயிடும் பாயும் துடைப்பமும் ஓலையால் ஆனவையாக இருந்த காலம் போய், இப்போது டயரும் நுரை மெத்தையும் கம்பியும் அத்தீயில் விழுகின்றன. போகிக்கு முதல் வாரமே தண்டோரா போட்டு, அதற்கு மூன்று நாள் முன் வண்டியைத் தெருத்தெருவாக அனுப்பினால், விடியற்காலைத் தீக்கு வேண்டாத பொருள் வீட்டில் மீதியிராது. சென்ற மார்கழியில் நமது யூனியனில் ஏழு பஞ்சாயத்துக்கள் இவ்வாறு செய்தன. திண்ணையோரம் இருந்த அந்தத் தொலைக்காட்சிப் பெட்டியும் அவ்வண்டியில் ஏறிற்று. அதை எங்கே வைப்பது என்று அந்த அம்மையார் இம்முறை நம்மைக் கேட்கவில்லை. சாவி அவரிடம்தான் இருந்தது.